350 கிலோ காளை, ஏழு பங்கு: உயிரோடு நிற்கும் மாட்டில் கறி எவ்வளவு என்று எப்படிக் கணிப்பது?

வூட்லண்ட்ஸ்_ஏழுவீடு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், மற்ற நண்பர்களுக்கு வணக்கம்.

குர்பானிக்கு (பக்ரீத் பலிக்கு) மலேசியாவின் ஜொகூரில் ஒரு காளையை ஏழு வீடு சேர்ந்து பேசியிருக்கிறோம். பண்ணையிலிருந்து வந்த சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: பிராமன் (திமில் உள்ள கறி மாட்டினம்) கலப்பு, காயடிக்காத காளை, நாலு பல், உயிர் எடை 350 கிலோ, பங்குக்கு 24 கிலோ. கூடவே நாடா வைத்து அளக்கும் படமும் அனுப்பியிருக்கிறார்கள். நெஞ்சுச் சுற்று 166 செ.மீ., உடல் நீளம் 132 செ.மீ.

24-ஐ ஏழால் பெருக்கினால் 168. அதாவது 350-இல் 48 சதவீதம். இங்கே சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் விசாரித்தால் ஒருவர் "பாதிக்குப் பாதி வரும்" என்கிறார், இன்னொருவர் "மூணுல ஒண்ணுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்கிறார். ஒரே மாட்டுக்கு இரண்டும் எப்படிப் பொருந்தும்? அறுத்த பிறகு கணக்குப் பார்த்து மனத்தாங்கல் வருவதைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. விவரம் தெரிந்தவர்கள் முறையைச் சொல்லுங்கள். எண்ணோடு சொன்னால் இன்னும் நல்லது.

---

தராசுத்தட்டு எழுதியது:

வ அலைக்கும் சலாம் பாய். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒருவர் உரித்த உடலைச் சொல்கிறார், மற்றவர் எலும்பு கழித்த கறியைச் சொல்கிறார். மூன்று எடைகளைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது உயிர் எடை. இரண்டாவது உரித்த எடை: இரத்தம் வடித்து, தலை, கால், தோல், குடல், உள்ளுறுப்பு எல்லாம் எடுத்த பிறகு கொக்கியில் தொங்குவது. மூன்றாவது எலும்பும் கழிவுக் கொழுப்பும் ஜவ்வும் நீக்கிய சுத்தக் கறி. முதலிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு சதவீதம், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இன்னொரு சதவீதம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பெரும்பாலான சண்டை வருகிறது.

உங்கள் 350 கிலோ காளை காலையில் தின்றுவிட்டுத் தராசில் ஏறியது என்று வைத்துக்கொண்டால், எடை கிட்டத்தட்ட இப்படிப் பிரியும். வயிற்றிலும் குடலிலும் கிடக்கும் தீனி, தண்ணீர், சாணம் 70 கிலோ. தோல் 28. தலையும் நாலு காலும் 21. வடியும் இரத்தம் 14. ஈரல், நுரையீரல், இதயம், கழுவிய வயிறு, குடல் எல்லாம் சேர்ந்து 42. மீதி 172 முதல் 175 வரை உரித்த உடல். ஒவ்வொன்றும் மாட்டுக்கு மாடு மாறும். ஆனால் முதலில் சொன்ன 70 இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடும். ஒரே மாட்டில், ஒரே நாளில், காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே ஆடும்.

---

கால்நடைக்_கைப்பை எழுதியது:

தராசுத்தட்டு அண்ணன் கடைசியில் சொன்னதை நான் முதலில் வைப்பேன். உயிரோடு கணிப்பதில் வரும் மிகப் பெரிய பிழை கொழுப்பும் இல்லை, எலும்பும் இல்லை. வயிறுதான்.

மாட்டின் பெருவயிறும் மற்ற அறைகளும் சேர்ந்து, நார்த்தீனி தின்னும் மாட்டில் உடல் எடையின் 12 முதல் 22 சதவீதம் வரை உள்ளடக்கம் வைத்திருக்கும். வைக்கோல், புல், பனை ஓலைத் தீவனம் தின்னும் மாட்டில் அதிகம். தானியம் தின்னும் மாட்டில் குறைவு. அதனால் புல் மாடும் தானிய மாடும் ஒரே 350 கிலோ காட்டினாலும் கொக்கியில் பத்துப் பதினைந்து கிலோ வித்தியாசம் வரலாம்.

தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் விட்டால் 12 முதல் 24 மணி நேரத்தில் 4 முதல் 8 சதவீதம் எடை இறங்கும். இதில் முதல் பாதி பெரும்பாலும் சாணமும் சிறுநீரும்தான், கறிக்கு நட்டமில்லை. அதற்கு மேல் பட்டினி போட்டாலோ, லாரியில் வெயிலில் நீண்ட நேரம் நிறுத்தினாலோ தசையிலிருந்தே நீர் இறங்கத் தொடங்கும். அது உண்மையான கறி இழப்பு.

எனவே சீட்டில் எடையைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: எப்போது எடை போட்டது? தீனிக்கு முன்னா, பின்னா? தண்ணீர் குடித்த பிறகா? விற்பதற்கு முன் உப்பு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைப்பது பழைய வழக்கம். ஜாவாவில் வாயில் குழாய் செருகித் தண்ணீரை வலுக்கட்டாயமாக ஏற்றுவதற்கு "குளோங்கோங்கான்" என்றே பெயர் உண்டு. அங்கே அது சட்டவிரோதம், மாட்டுக்குப் பெரும் கொடுமையும்கூட. அப்படிச் செய்த கறி வெளிறி, நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் பண்ணையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் "இரவு முழுக்கத் தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் விட்டு, காலையில் தராசில் போட்ட எடை" என்று ஒரு வரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. மாடு ஏறும் முன் தராசுத் தளத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்களா என்றும் கேளுங்கள். காய்ந்த சாணமும் சேறும் தளத்தில் ஒட்டிக் கிடந்தால் அதுவும் உங்கள் கணக்கில் ஏறும். மழைக்காலத்தில் மாட்டின் வயிற்று மயிரிலேயே சில கிலோ சேறு தொங்கும்.

---

வூட்லண்ட்ஸ்_ஏழுவீடு எழுதியது:

நன்றி டாக்டர். தராசு எடையா, நாடாவில் கணக்கிட்டதா என்று கேட்டேன். "தராசுதான், காலையில் தீனிக்குப் பிறகு" என்று பதில் வந்தது. நாடா அளவை வைத்து 350 சரியா என்று நாமே பார்க்க முடியுமா?

---

நாடா_166 எழுதியது:

முடியும். இரண்டு வாய்பாடு இந்தப் பக்கத்தில் அதிகம் புழங்குகிறது.

ஒன்று, நெஞ்சுச் சுற்று மட்டும் போதும் என்பது. சுற்றோடு 22 கூட்டி, வந்ததை அதனாலேயே பெருக்கி, 100-ஆல் வகுக்க வேண்டும். இந்தோனேசியாவில் ஸ்கோர்ல் வாய்பாடு என்பார்கள். உங்கள் காளைக்கு 166 + 22 = 188. 188 × 188 ÷ 100 = 353 கிலோ.

மற்றது சுற்றையும் நீளத்தையும் சேர்த்துப் பார்ப்பது. சுற்று × சுற்று × நீளம் ÷ 10,840. அதாவது 166 × 166 × 132 ÷ 10,840 = 336 கிலோ. அங்குலத்தில் அளந்து 300-ஆல் வகுத்துப் பவுண்டில் சொல்லும் பழைய கணக்கின் செ.மீ. வடிவம்தான் இது.

353, 336. தராசு 350. பொருந்துகிறது. சீட்டில் எடையைக் கூட்டி எழுதவில்லை என்று நம்பலாம். முதல் வாய்பாடு இந்த வட்டாரத்துச் சிறு மாடுகளுக்குக் கூடுதலாகவே காட்டும். ஐரோப்பிய மாடுகளை வைத்துப் போட்டது என்பதால், கெடா-கிளந்தான் மாட்டுக்கோ பாலி மாட்டுக்கோ அதை அப்படியே நம்பக்கூடாது. இரண்டாவது வாய்பாடு நீளத்தையும் பார்ப்பதால் கொஞ்சம் நிதானமாக இருக்கும்.

ஆனால் நாடா பிடிக்கும் கை சரியாக இருக்க வேண்டும். 166-இல் ஒரு செ.மீ. தவறினால் எடையில் 4 கிலோ தவறும். மூன்று செ.மீ. என்றால் 12 கிலோ. மாடு சமதரையில், நாலு காலும் சதுரமாக ஊன்றி, தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தால் நெஞ்சுச் சுற்றே மாறிவிடும். நாடா முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் இறங்கி, மேலே திமிலுக்குப் *பின்னால்* போக வேண்டும். பிராமன் கலப்பில் அதிகம் நடக்கும் தவறு இதுதான், திமிலின் மேலேயே சுற்றிவிடுவார்கள். உங்கள் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். திமிலின் சரிவில் நாடா ஏறியிருந்தால் அந்த 166-ஐ நம்ப வேண்டாம்.

நீளம் அளப்பது தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை. துணி நாடா ஈரத்தில் நீளும், கண்ணாடி இழை நாடா நல்லது. இறுக்கிப் பிடிப்பதும் தொளதொளவென்று விடுவதும் இரண்டுமே தவறு. மாடு மூச்சை வெளியே விடும் நேரத்தில், மயிர் அழுந்தும் அளவுக்கு மட்டும் இழுத்து, மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள்.

---

வூட்லண்ட்ஸ்_ஏழுவீடு எழுதியது:

பெரிதாக்கிப் பார்த்தேன். நாடா திமிலுக்குப் பின்னால்தான் போகிறது. சரி, எடை 350 என்று எடுத்துக்கொள்கிறேன். அடுத்தது சதவீதம். அதை எப்படி முடிவு செய்வது?

---

சப்பைக்கறி எழுதியது:

கண்ணும் கையும் இரண்டும் வேண்டும். ஜொகூருக்கு ஒரு நடை போக முடிந்தால் போங்கள். படத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது.

முதலில் கை. மாட்டின் பின் விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் சிறு எலும்புகளின் முனைகளைத் தொடுங்கள். உங்கள் கையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு கையை முஷ்டியாக மடக்கி, மறுகை விரலால் மேல் முட்டிகளைத் தடவுங்கள். மாட்டின் எலும்பு முனை அப்படிக் கூராக உறுத்தினால் ஒட்டிய மாடு. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எலும்பு தெரியும், ஆனால் உறுத்தாது. மாடு அப்படியிருந்தால் நடுத்தரம். உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே உள்ள சதைபோல் மெத்தென்று இருந்து, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் கொழுத்த மாடு. பிறகு வாலடியின் இரு பக்கமும் விரலை வையுங்கள். பள்ளமாக இருக்கிறதா, நிரம்பியிருக்கிறதா, கட்டியாகக் கொழுப்பு உருள்கிறதா?

அடுத்து கண். மாட்டின் பின்னால் சில அடி தள்ளி நின்று தொடையைப் பாருங்கள். முட்டிக்கு நேரே உள்ள அகலம் பெரிதா, மேலே இடுப்பு அகலம் பெரிதா? சதைப்பிடிப்புள்ள மாட்டில் தொடை உருண்டு, முட்டி மட்டத்தில்தான் அதிக அகலம் இருக்கும். பின்னங்கால்களும் அகன்று நிற்கும். சதை குறைந்த மாட்டில் தொடை உட்குழிந்து, கால்கள் நெருங்கி நிற்கும். ஆஸ்திரேலியாவில் இதை ஐந்து தரமாகப் பிரிப்பார்கள். ஒரே எடை, ஒரே கொழுப்பு உள்ள இரண்டு மாடுகளில் ஒரு தரம் கூடினால் உரித்த எடை ஏறத்தாழ 1.5 முதல் 2 சதவீதப் புள்ளி கூடும்.

மாட்டை நடக்க விட்டுப் பார்ப்பது மிக முக்கியம். நடக்கும்போது தசை திரண்டு திரண்டு தெரியும். கொழுப்பு குலுங்கும். நின்ற இடத்தில் இரண்டும் ஒரே உருண்டைபோல் கண்ணை ஏமாற்றும். முதுகு தட்டையாக மேசைபோல் இருந்தால், நெஞ்சுக்குக் கீழே நிரம்பித் தொங்கினால், பின்னங்காலுக்கு முன்னால் உள்ள தோல் மடிப்பு ஆழமாக இறங்கியிருந்தால் அது கொழுப்பு.

---

தராசுத்தட்டு எழுதியது:

சப்பைக்கறி சொன்னதோடு ஒரு முரணையும் சேர்க்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கொழுப்பு கூடக்கூட உரித்த எடைச் சதவீதம் *ஏறும்*, ஆனால் அந்த உரித்த உடலில் சுத்தக் கறியின் சதவீதம் *இறங்கும்*. தானியம் தின்று நன்றாகக் கொழுத்த ஆங்கஸ் காளை 60 சதவீதத்துக்கு மேல் உரித்த எடை கொடுக்கும், ஆனால் அதில் வெட்டி எறியும் கொழுப்பும் அதிகம். கிழட்டுப் பால்மாடு 45 முதல் 50-இல் நிற்கும். புல்லில் வளர்ந்த பிராமன் கலப்புக் காளைக்கு 50 முதல் 54 எதிர்பார்க்கலாம். பிராமனுக்குக் குடல் ஒப்பளவில் சிறியது என்பது சாதகம், தோல் கனம் என்பது பாதகம். பாலி மாடு உருவத்தில் சிறியதானாலும் இந்தக் கணக்கில் நல்ல மாடு, எலும்பு மெலிசு, கொழுப்பு குறைவு.

இன்னொரு பொறி. நாடு விட்டு நாடு சதவீதத்தை ஒப்பிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் சிறுநீரகத்தையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் எடுத்த பிறகு உரித்த எடை போடுவார்கள். அமெரிக்காவில் விட்டுவைத்தே போடுவது வழக்கம். அதே மாட்டுக்கு இரண்டு சதவீதம் வரும், மாடு மாறவில்லை. சூடான எடையா, குளிர் அறையில் இரவு தொங்கிய பின் எடையா என்பதும் உண்டு. குளிரில் சுமார் 2 சதவீதம் ஈரம் போகும். குர்பானியில் சூட்டோடு வெட்டுவதால் உங்களுக்கு அது கிடையாது.

---

அலைவரிசை எழுதியது:

கண்ணையும் கையையும் தாண்டிக் கருவியும் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் இந்த வேலைக்கு 1950-களிலேயே வந்துவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்டவ்ஃபர் உயிருள்ள மாட்டில் முதுகுக் கொழுப்பையும் கண் தசையையும் (முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய முதுகுத் தசை) அதனால் அளந்தார். இன்று இனப்பெருக்கப் பண்ணைகளில் இது அன்றாட வேலை.

செய்முறை: மாட்டைப் பிடிகூண்டில் நிறுத்தி, 12-ஆம் 13-ஆம் விலாவுக்கு இடையே மயிரை ஒரு செ.மீ.க்கும் குறைவாகக் கத்தரித்து, தூசியை வாரி, சமையல் எண்ணெயை ஊற்றித் தேய்க்க வேண்டும். எண்ணெய் குளிர்ந்திருந்தால் மாடு துள்ளும், வெதுவெதுப்பாக வையுங்கள். 3.5 மெகாஹெர்ட்ஸ், 17 அல்லது 18 செ.மீ. நீள ஆய்வுக்கோல். மாட்டின் முதுகு வளைவு, கோலோ நேர்கோடு, அதனால் நடுவே வளைவுக்கேற்ற ஜெல் பட்டை ஒன்று வைப்பார்கள். விலா இடைவெளியின் போக்கிலேயே கோலைப் பிடித்தால் கண் தசையின் குறுக்குவெட்டு திரையில் வரும். தோல் ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே கொழுப்பு ஒரு கரும்பட்டை, பிறகு இன்னொரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே தசை. கொழுப்பை நடு முதுகிலிருந்து தசை அகலத்தில் முக்கால் தூரத்தில் அளப்பார்கள்.

இரண்டாவது இடம் பிட்டத்தில். பிட்ட எலும்பு முனையிலிருந்து முதுகுக்கு இணையாக ஒரு கோடு, திருவெலும்பின் (இடுப்போடு சேரும் முதுகெலும்புப் பகுதி) மூன்றாம் முள்ளுக்கு நேராகக் குறுக்கே ஒரு கோடு, இரண்டும் வெட்டும் புள்ளி. ஆஸ்திரேலியர்கள் பி8 என்பது இதைத்தான். அங்கே 0 முதல் 2 மி.மீ. என்றால் கொழுப்புத் தரம் 1. 3 முதல் 6 வரை 2. 7 முதல் 12 வரை 3. 13 முதல் 22 வரை 4. 23 முதல் 32 வரை 5. அதற்கு மேல் 6.

எங்கே தவறும்? கோலை அழுத்தினால் கொழுப்பு நசுங்கி மெலிந்து தெரியும். எண்ணெய்க்கு நடுவே காற்று நின்றால் படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். மாடு உடலை முறுக்கி நின்றால் தசை சுருங்கிக் கண் தசைப் பரப்பு தவறும். மூன்று அடுக்காக உள்ள கொழுப்பில் கடைசி அடுக்கைத் தசை என்று எண்ணிக் கோடு போடுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு.

---

சப்பைக்கறி எழுதியது:

அலைவரிசை தம்பி, முறை சரி. ஆனால் இந்தக் காளைக்கு அது தேவையா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. புல்லில் வளர்ந்த பிராமன் கலப்பு இளங்காளைக்கு விலாக் கொழுப்பு 2, 3 மி.மீ.தான் இருக்கும். நல்ல கைக்கும் ஒரு மி.மீ. பிழை வரும். 12 மி.மீ. கொழுப்பில் ஒரு மி.மீ. பிழை பெரிதல்ல. 2 மி.மீ.யில் ஒரு மி.மீ. என்றால் பாதி!

---

அலைவரிசை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. இந்த வகை மாட்டில் கருவியைவிட நேர்மையான பட்டினி எடைதான் அதிகம் சொல்லும். கருவியின் இடம் தீனிக்கொட்டில். எந்த மாட்டை இன்றே அனுப்பலாம், எதற்கு இன்னும் நாற்பது நாள் தீனி போடலாம் என்று பிரிக்க. இனப்பெருக்கத்துக்குக் காளை தேர்ந்தெடுக்கவும் வேறு வழியில்லை, அறுத்துப் பார்க்க முடியாதே.

---

ஆய்வுக்கூட_மேசை எழுதியது:

முழு உடலிலும் கொழுப்பு எவ்வளவு என்று உயிரோடு அறிய வேறு ஒரு வழியும் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுப்பு நீக்கிய உடலில் சுமார் 73 சதவீதம் நீர், கொழுப்பில் நீர் மிகக் குறைவு. ஆகவே மொத்த நீரை அறிந்தால் கொழுப்பை அறியலாம். யூரியாவின் 20 சதவீதக் கரைசலை, உடல் எடையில் கிலோவுக்கு 0.66 மி.லி. வீதம் இரத்தக்குழாயில் செலுத்தி, செலுத்துவதற்கு முன்னும் 12 நிமிடம் கழித்தும் இரத்தம் எடுத்து, யூரியா எவ்வளவு நீர்த்துப் போனது என்று பார்ப்பார்கள். கனநீரை வைத்தும் செய்வதுண்டு. அது துல்லியம், ஆனால் செலவு அதிகம், நேரமும் பிடிக்கும். இங்கேயும் குறுக்கே நிற்பது வயிற்று நீர்தான். டாக்டர் சொன்ன அதே எதிரி.

கணித்தது சரியா என்று அறுத்த பிறகு சோதிக்க, 1946-இல் ஹாங்கின்ஸ், ஹவ் இருவரும் கொடுத்த முறை இன்றும் புழங்குகிறது. 9, 10, 11-ஆம் விலாத் துண்டை மட்டும் வெட்டி, கறி, கொழுப்பு, எலும்பு எனப் பிரித்து நிறுப்பது. அந்தத் துண்டின் கொழுப்புச் சதவீதத்தை 0.80-ஆல் பெருக்கி 3.54 கூட்டினால் முழு உரித்த உடலின் கொழுப்புச் சதவீதம். துண்டில் 15 என்றால் உடலில் 15.5. எலும்புக்கு 0.57-ஆல் பெருக்கி 5.52 கூட்ட வேண்டும். அமெரிக்க மாடுகளை வைத்துப் போட்ட சமன்பாடு இது. திமில் மாட்டுக்கு வரும்போது எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள்.

---

கிடாரி_கேள்வி எழுதியது:

நான் இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். தொடை உருண்ட மாட்டில் நல்ல பாகக் கறி, அதாவது முதுகுக்கறி, தொடைக்கறி, விகிதத்தில் அதிகம் வரும் என்கிறார்களே, உண்மையா?

---

சப்பைக்கறி எழுதியது:

இல்லை அக்கா. ஆஸ்திரேலியாவில் ரெக்ஸ் பட்டர்ஃபீல்டு தசை தசையாகப் பிரித்து நிறுத்துக் காட்டியதில் முக்கியமான முடிவே இதுதான். இனம் எதுவானாலும், உருவம் எப்படியானாலும், மொத்தத் தசையில் விலை உயர்ந்த பாகங்களின் பங்கு கிட்டத்தட்ட மாறுவதில்லை. மாடு நடக்க வேண்டும், மேய வேண்டும், அந்த வேலைக்கு எந்தத் தசை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இருக்கும். மாறுவது தசைக்கும் எலும்புக்கும் உள்ள விகிதம், அப்புறம் கொழுப்பு. பால் இன மாட்டில் எலும்பு ஒரு பங்குக்குத் தசை மூன்றரைப் பங்கு போல இருக்கும், கறி இனத்தில் நாலுக்கு மேல். காயடிக்காத காளைக்குக் கழுத்தும் தோளும் கனம் என்பது மட்டும் விதிவிலக்கு. ஏழு பங்காகக் கலந்து போடும் குர்பானியில் அதனால் நட்டமில்லை, கழுத்துக்கறி குழம்புக்கு நல்ல கறிதானே.

கொழுப்பு சேரும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வயிற்றுக்குள்ளும் சிறுநீரகத்தைச் சுற்றியும், பிறகு தசைகளுக்கு நடுவில், பிறகு தோலுக்கு அடியில், கடைசியாகத் தசைக்குள் இழையாக. பால் இன மாடு உள்ளேயே அதிகம் வைத்துக்கொள்ளும். அதனால் மேலே தொட்டால் ஒட்டியதுபோல் இருக்கும், அறுத்தால் குடல் முழுக்கக் கொழுப்பு. தொட்டுப் பார்க்கும் முறை அங்கே ஏமாற்றும்.

---

வூட்லண்ட்ஸ்_ஏழுவீடு எழுதியது:

நேற்றுப் போய்ப் பார்த்தோம். இடுப்புச் சிறு எலும்புகளைத் தொட்டால் புறங்கை போலத்தான் இருந்தது. வாலடி நிரம்பவில்லை, பள்ளமும் இல்லை. தொடை நேராக இறங்குகிறது, உருண்டை என்று சொல்ல முடியாது. நீங்கள் சொன்னதை வைத்து இப்படிக் கணக்குப் போட்டேன், திருத்துங்கள்.

தராசு எடை 350, தீனிக்குப் பிறகு. இரவுப் பட்டினிக்கு 5 சதவீதம் கழித்தால் 332. உரித்த எடை 52 சதவீதம் என்றால் 173. எலும்பு 18 சதவீதம், அதாவது 31 கிலோ. கழிவுக் கொழுப்பும் ஜவ்வும் 8 சதவீதம், 14 கிலோ. மீதிச் சுத்தக் கறி 128. ஏழால் வகுத்தால் பங்குக்கு 18.3 கிலோ. சீட்டில் உள்ள 24-க்கு இது எங்கே!

---

தராசுத்தட்டு எழுதியது:

கணக்கு நன்றாக இருக்கிறது பாய், ஆனால் ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சதவீதமும் கணிப்புதான், பிழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். உரித்த எடை 49 ஆகவும் அதில் கறி 70 ஆகவும் வந்தால் 332 × 0.49 × 0.70 = 114 கிலோ, பங்குக்கு 16.3. உரித்த எடை 54, கறி 76 என்றால் 136 கிலோ, பங்குக்கு 19.5. ஏழு வீட்டுக்கும் "16-லிருந்து 19 வரை, பெரும்பாலும் 18" என்று சொல்லுங்கள்.

24-ஐப் பற்றி: உங்கள் 173 கிலோ உரித்த எடையை ஏழால் வகுத்துப் பாருங்கள். 24.7 வரும். வெட்டும்போது எலும்புத் தூள், ஈரம் என்று ஒன்றிரண்டு சதவீதம் போனால் 24.3. ஆக, பண்ணைக்காரர் எலும்போடு சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கில் 24 நேர்மையான எண்தான்.

---

கால்நடைக்_கைப்பை எழுதியது:

அதுதான். அங்கே வெட்டுபவர்கள் பெரும்பாலும் எலும்போடு துண்டு போட்டுப் பங்கு வைப்பார்கள். முழங்கால் எலும்பு ஒரு பங்கில், தொடை இன்னொரு பங்கில் என்று போகாமல் ஏழு குவியலுக்கும் எலும்பைப் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

ஈரல் தனி. இந்த அளவு மாட்டில் 4, 5 கிலோ வரும், அது உரித்த எடையில் சேராது. தலைக்கறி, கால், குடல், வால் பங்கில் உண்டா என்பதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வால் உரித்த உடலோடு போகுமா தனியாகவா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

---

வூட்லண்ட்ஸ்_ஏழுவீடு எழுதியது:

பேசிவிட்டேன். எலும்போடுதான் 24 என்று ஒப்புக்கொண்டார்கள். ஈரல் ஏழாக, தலையும் காலும் அறுப்பவர்களுக்கு வேண்டாம் என்றால் ஏலம் போடாமல் எங்களுக்கே, குடல் அங்குள்ள மக்களுக்கு. எலும்பு நீக்கித் தருவதானால் 18 கிலோ வரும் என்று அவர்களே சொன்னார்கள். முந்தின நாள் இரவு ஏழு மணிக்குத் தீனி நிறுத்தி, தண்ணீர் வைத்து, காலையில் மறுபடி எடை போட்டுப் படம் அனுப்புவதாகவும் ஒத்துக்கொண்டார்கள். அறுத்த பிறகு உரித்த எடையையும் எலும்பு எடையையும் தனித்தனியாக நிறுத்து வாங்கி இங்கே போடுகிறேன்.

---

நாடா_166 எழுதியது:

காலையில் நிறுக்கும்போது நாடாவையும் ஒருமுறை போடச் சொல்லுங்கள் பாய். தீனிக்குப் பின் எடுத்த 166 எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால், தராசே இல்லாத பண்ணைகளில் அளப்பவர்களுக்கு உதவும். அதே ஆள், அதே நாடா, திமிலுக்குப் பின்னால்.